அச்சில்லாத வளைவு

25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு எஃகுக் குழாயை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய சைக்கிள் ஹேண்டில்பாரின் பருமன். அதை 50 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைக்க வேண்டும். ஆரத்தைக் குழாயின் நடுக்கோட்டிலிருந்து அளப்பதுதான் தொழிலில் வழக்கம். அப்படியானால் வளைவின் மையத்திலிருந்து வெளிவிளிம்பு 62.5 மி.மீ. தள்ளி இருக்கும், உள்விளிம்பு 37.5 மி.மீ. தள்ளி இருக்கும். நடுக்கோட்டின் நீளம் மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், வெளிப்பக்க உலோகம் நூற்றுக்கு 25 நீள வேண்டும், உட்பக்கம் அதே அளவு குறுக வேண்டும். மென் எஃகை ஆய்வகத்தில் இழுத்துப் பார்த்தால் அறுவதற்கு முன் அது நீளும் அளவும் இதிலிருந்து வெகுதூரம் இல்லை. வாசலில் நிற்கும் சைக்கிளின் வளைவு பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கிறது. அந்த உலோகம் தன் எல்லைவரை போய்விட்டு வந்திருக்கிறது.

நீண்ட உலோகம் மெலியும். வெளிப்பக்கத்தில் 1 மி.மீ. இருந்த சுவர் ஏறக்குறைய 0.8 மி.மீ. ஆகிவிடும். நாற்காலிக் காலுக்கு இது பொருட்டில்லை. திருச்சி பெல் ஆலையில் செய்கிற அனல்மின் நிலையக் கொதிகலனுக்கு இதுதான் முதல் கவலை. அங்கே உயர் அழுத்த நீராவியைச் சுமக்கும் குழாய்கள் பாம்புபோல் மடிந்து மடிந்து போகும். ஒவ்வொரு மடிப்பின் முதுகிலும் சுவர் மெலிந்திருக்கும். அதனால் வளைத்தபின் எவ்வளவு கனம் மிஞ்சும் என்று கணக்கிட்டுத்தான் குழாயையே தேர்ந்தெடுப்பார்கள்.

மெலிவது ஒரு தொல்லை என்றால், சப்பையாவது இன்னொன்று. குழாய் உள்ளே வெற்றிடம். சுவரைத் தாங்க எதுவும் கிடையாது. வெளிப்பக்கத்தில் இழுபடும் உலோகம் வளைவைச் சுற்றிப் போகாமல் குறுக்கு வழியில் போகப் பார்க்கும், ஆகவே உள்நோக்கி அமுங்கும். உட்பக்கத்தில் நசுங்கும் உலோகம் வெளியே பிதுங்கப் பார்க்கும், அதுவும் குழாயின் நடுவை நோக்கித்தான். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று நோக்கி வர, வட்டம் முட்டையாகிறது. முட்டையான குழாய்க்கு வளைவை எதிர்க்கும் பலம் குறைவு. பலம் குறைந்ததால் இன்னும் எளிதாக வளைகிறது. வளைய வளைய இன்னும் சப்பையாகிறது. பிரேசியர் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1927இல் இந்தச் சுழலைக் கணக்காக்கினார். விசையைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு உச்சம் வரும், அதைத் தாண்டியதும் குழாய் சட்டென ஒடுங்கிவிடும் என்று காட்டினார். குளிர்பான ஸ்ட்ராவை மெதுவாக வளைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் பொறுமையாக வளைந்து, ஒரு கணத்தில் மடங்கும். பிரேசியரின் உச்சம் அதுதான்.

இதற்குப் பட்டறைகள் கண்ட மருந்து, வெற்றிடத்தை நிரப்புவது. குழாயில் காய்ந்த மணலைத் தட்டித் தட்டி இறுக்கி, இரு முனையும் அடைத்து, சூடேற்றி வளைப்பார்கள். ஊதுகொம்பு செய்பவர்கள் பித்தளைக் குழாயில் உருக்கிய கீல் ஊற்றுவார்கள். சோப்பு நீரை ஊற்றிப் பனிக்கட்டியாக உறைய வைத்து வளைப்பவர்களும் உண்டு. நம் ஊரில் வீடு கட்டும்போது எலெக்ட்ரீஷியன் பிவிசி பைப்புக்குள் ஒரு நீண்ட ஸ்பிரிங்கை நுழைத்துவிட்டு முழங்காலில் வைத்து வளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏசி மெக்கானிக்கிடமும் செம்புக் குழாய்க்கு அப்படி ஒரு ஸ்பிரிங் இருக்கும். வட்டத்தை வட்டமாகவே காப்பதுதான் அதன் வேலை.

இதைவிட நுட்பமான ஒரு யோசனை உலோகத்துக்கு வெளியே, மரத்தில் பிறந்தது. ஜெர்மனியில் பிறந்து வியன்னாவில் தொழில் நடத்திய மிக்கேல் தோனெட், 1859இல் ‘14ஆம் எண்’ என்ற நாற்காலியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பீச் மரக் கம்புகளை நீராவியில் வேகவைத்து வளைத்துச் செய்தது அது. வெந்த மரம் நன்றாக நசுங்கும். நீளச் சொன்னாலோ ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் நீளாது, பிளந்துவிடும். தோனெட் என்ன செய்தார்? கம்பின் வெளிப்பக்கத்தில் ஒரு இரும்புப் பட்டையை வைத்து இரு முனையிலும் இறுக்கினார். பட்டை நீள மறுத்தது. அதனால் வெளிப்பக்க மரமும் நீளவில்லை. வேண்டிய மாற்றம் முழுவதையும் உட்பக்கம் நசுங்கித் தந்தது. இன்றைய மொழியில் சொன்னால், நீளாமலும் குறுகாமலும் இருக்கும் நடுநிலை அச்சை அவர் கம்பின் நடுவிலிருந்து வெளி விளிம்புக்குத் தள்ளிவிட்டார். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

தோனெட்டின் நாற்காலிக்கு உலோக வாரிசு 1925 வாக்கில் வந்தது. பௌஹௌஸ் பள்ளியின் மார்செல் பிராயர் தன் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பார்த்து, இதே குழாயில் நாற்காலி ஏன் செய்யக் கூடாது என்று யோசித்தார். பட்டறைக்குத் தேவையான தையலில்லாக் குழாய் ஏற்கெனவே இருந்தது. ரைன்ஹார்ட், மாக்ஸ் மானெஸ்மான் என்ற சகோதரர்கள் 1880களின் நடுவில் கண்டுபிடித்த உருட்டு முறை அதைச் சாத்தியமாக்கியிருந்தது. அலுவலகங்களிலும் ஆஸ்பத்திரி வராந்தாக்களிலும் நாம் உட்காரும் குழாய் நாற்காலிகள் எல்லாம் அந்த யோசனையின் வழிவந்தவை.

அப்படி ஆயிரக்கணக்கில் வளைக்க வேண்டும் என்றால் மணலும் கீலும் கட்டுப்படியாகாது. தொழிற்சாலைகளின் விடை, டையைச் சுற்றி இழுத்து வளைக்கும் இயந்திரம். விளிம்பில் அரைவட்டப் பள்ளம் வெட்டிய ஒரு சக்கரம், அதுதான் டை, அதாவது அச்சு. குழாயின் முனையை அதோடு சேர்த்து ஒரு கவ்வி பிடித்துக்கொள்ளும். டை சுழலச் சுழலக் குழாய் அதைச் சுற்றிக்கொள்ளும். உள்ளே, சங்கிலியாகக் கோத்த உருண்டைகள் கொண்ட மாண்ட்ரல் சப்பையாகாமல் தாங்கும். உட்பக்கம் சுருக்கம் விழாமல் வைப்பர் டை என்ற மெல்லிய நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அருமையான ஏற்பாடு. காரின் புகைபோக்கிக் குழாய், விமானத்தின் ஹைட்ராலிக் குழாய் எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன.

இதன் குறை அதன் குணத்திலேயே இருக்கிறது. வளைவின் ஆரம் டையில் வெட்டப்பட்டிருக்கிறது. 50 மி.மீ. ஆர டையில் 55 வராது. இன்னொரு ஆரம் வேண்டுமானால் இன்னொரு டை. வேறு விட்டம் என்றால் மாண்ட்ரல், வைப்பர், கவ்வி எல்லாமே வேறு. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் கவ்விக்குப் பிடிக்க ஒரு நேர்த்துண்டும் வேண்டும். ஆரம் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே போகும் வளைவை வடிவமைப்பாளர் கணினியில் எளிதாக வரைந்துவிடுவார். இந்த இயந்திரத்திடம் கொண்டுபோனால் அது கையை விரித்துவிடும்.

டை இல்லாமல் வளைக்க முடியாதா? முடியும். மூன்று உருளை இயந்திரம் வெகு காலமாகவே இருக்கிறது. இரண்டு உருளைகள் கீழே, ஒன்று மேலே. மேலுள்ளதை எவ்வளவு இறக்குகிறோமோ அவ்வளவு வளைவு. பந்தல் வளைவு செய்யும் பட்டறைகளில் அது இருக்கும். ஒரே உருளையில் எந்த ஆரமும் எடுக்கலாம் என்பது வசதி. எந்த ஆரம் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதது சங்கடம். ஓட்டுகிறவர் வளைத்து, அட்டை வைத்துப் பார்த்து, மறுபடி ஓட்டி, மறுபடி பார்ப்பார். அனுபவம் உள்ள கை இரண்டு மூன்று ஓட்டத்தில் கொண்டுவந்துவிடும். அந்தக் கை எதைத் தெரிந்துவைத்திருக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் மையமே. அது தெரிந்துவைத்திருப்பது உலோகம் திரும்பி வரும் அளவை.

விசையை எடுத்ததும் உலோகம் கொஞ்சம் நிமிரும். நிரந்தரமாக உருமாறிய பிறகும் அதற்குள் மீட்சிப் பண்புள்ள ஒரு பங்கு இருக்கும். அந்தப் பங்கு பழைய நிலைக்குப் போகும். எவ்வளவு திரும்பும் என்பதை இரண்டு பண்புகள் தீர்மானிக்கின்றன. உலோகம் எவ்வளவு தகைவில் விட்டுக்கொடுக்கத் தொடங்கும் என்பது ஒன்று. அதன் யங் குணகம், அதாவது விறைப்பு, மற்றொன்று. எஃகின் யங் குணகம் ஏறக்குறைய 200 கிகா பாஸ்கல், அலுமினியத்துக்கு 70. ஆகவே ஒரே வலுவுள்ள இரண்டு குழாய்களில் அலுமினியக் குழாய் எஃகைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு திரும்பும். வலு அதிகமும் குணகம் குறைவுமான டைட்டானியம் படுத்தும் பாடு தனிக்கதை.

எதிர்பாராத ஒன்று இதில் உண்டு. இறுக்கமான வளைவைவிட மென்மையான வளைவுதான் அதிகம் திரும்பும். நம் 25 மி.மீ. குழாய் 250 மெகா பாஸ்கலில் விட்டுக்கொடுக்கும் மென் எஃகு என்று வைத்துக்கொள்வோம். எளிய கணக்கில், 50 மி.மீ. ஆரத்தில் வளைத்தால் வளைவில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகத்தான் இழப்போம். 500 மி.மீ. ஆரத்தில் அது நூற்றுக்கு ஆறுக்கு மேல் போய்விடும். அதே ஆரத்தில் 1000 மெகா பாஸ்கல் உயர்வலு எஃகு என்றால் கால் பங்கு வளைவு காணாமல் போகும். வளைய வளைய உலோகம் இறுகுவதையும் சேர்த்தால் எண்கள் இன்னும் ஏறும். காரின் கூரை ஓரம்போல் நளினமாக ஓடும் கோடுகள்தான் கணக்குப் போடுபவருக்குத் தலைவலி.

டையில் வளைக்கும்போது இதைச் சமாளிப்பது சுலபம்: 90 டிகிரி வேண்டுமானால் 92 வளைத்துவிட்டு விட்டுவிடலாம். டையே இல்லாத முறைக்கு வளைவின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும்.

டோக்கியோவின் எலெக்ட்ரோ-கம்யூனிகேஷன்ஸ் பல்கலைக்கழகத்தில் மகோட்டோ முராட்டாவும் சக ஆய்வாளர்களும் 1980களின் இறுதியில் முன்வைத்த முறை இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. குழாயைப் பின்னாலிருந்து தள்ளுங்கள். அது முதலில் அசையாத ஒரு வழிகாட்டிக்குள் புகுந்து வெளிவரும். சற்றுத் தள்ளி இன்னொரு வளையம். இது நகரும், சாயும். இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தால் குழாய் நேராகப் போகும். நகரும் வளையத்தைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினால், அதற்குள் புகுந்தாக வேண்டிய குழாய் வளைந்துதான் ஆக வேண்டும். மேலே நகர்த்தினால் மேலே வளையும், பக்கவாட்டில் நகர்த்தினால் பக்கவாட்டில். நகர்த்திக்கொண்டே தள்ளினால் ஆரம் மாறிக்கொண்டே வரும். வளைவின் வடிவம் எந்த இரும்புத் துண்டிலும் வெட்டப்படவில்லை. அது இரண்டு நகர்வுகளின் உறவில் இருக்கிறது, அதாவது தள்ளிய நீளத்துக்கும் வளையம் நகர்ந்த தூரத்துக்கும் உள்ள உறவில்.

பத்தாம் வகுப்பு வடிவியல் போதும் இதன் கணக்குக்கு. வழிகாட்டிக்கும் வளையத்துக்கும் இடைவெளி 50 மி.மீ. என்போம். வளையத்தை 5 மி.மீ. நகர்த்தினால், இடைவெளியின் வர்க்கத்தோடு நகர்வின் வர்க்கத்தைக் கூட்டி, நகர்வின் இரு மடங்கால் வகுத்தால் ஆரம் கிடைக்கும்: 252.5 மி.மீ. 10 மி.மீ. நகர்த்தினால் 130. இருபது என்றால் 72.5. கடைசி எண் குழாய் விட்டத்தின் ஏறக்குறைய மூன்று மடங்கு; இந்த முறை வசதியாகப் போகக்கூடிய எல்லையும் அந்த அக்கம்பக்கம்தான். அதைவிட இறுக்கமாக வேண்டுமென்றால் பழைய டையிடம்தான் போக வேண்டும்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. 5 மி.மீ. நகர்வை 5.1 ஆக்கினால் ஆரம் 252.5இலிருந்து 248க்கு இறங்கிவிடும். பத்தில் ஒரு மில்லிமீட்டர், ஆரத்தில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டரைத் தின்றுவிட்டது! குழாய்க்கும் வளையத்துக்கும் இடையே வழுக்கிப்போக ஒரு நூலிழை இடைவெளி விட்டுத்தானே ஆக வேண்டும்? அதுவே அந்த அளவு இருக்கும். ஒரு லோடு குழாய் சற்றுத் தடிமனாகவும் அடுத்தது சற்று மெலிதாகவும் வந்தால் போதும், வளைவு மாறிவிடும். அதனால் வேலை தொடங்குமுன் சில மாதிரிகளை வெவ்வேறு நகர்வில் வளைத்து, வந்த ஆரத்தை அளந்து, இரண்டுக்கும் ஒரு வரைபடம் போடுவார்கள். சூத்திரம் தருவது தொடக்கம் மட்டும். இயந்திரம் ஓடுவது அந்த வரைபடத்தை வைத்துத்தான். உருளை இயந்திரக்காரர் தன் கையில் வைத்திருந்த அதே அறிவு இங்கே எண்களாகப் பதிவாகிறது என்று நான் இதைப் பார்க்கிறேன்.

தோனெட்டின் பட்டை இப்போது திரும்பி வருகிறது. இந்த முறையில் குழாயைப் பின்னாலிருந்து தள்ளுகிறோம் அல்லவா? அந்தத் தள்ளல் வளைவு நடக்கும் இடம் முழுவதிலும் ஒரு நசுக்கும் தகைவைச் சேர்க்கிறது. வெளிப்பக்கத்தின் இழுவை அதனால் கொஞ்சம் தணிகிறது. நடுநிலை அச்சு வெளிப்பக்கமாக நகர்கிறது. சுவர் மெலிவது குறைகிறது. வியன்னா தச்சர் பட்டையால் செய்ததை இங்கே பின்னாலிருந்து தள்ளும் விசையே செய்துவிடுகிறது. டையைச் சுற்றி இழுக்கும் முறையோ இதற்கு நேர்மாறாக வெளிச்சுவரை மேலும் இழுக்கும். அதனால்தான் அங்கே சில இயந்திரங்களில் பின்னாலிருந்து தள்ளவும் தனி ஏற்பாடு வைக்கிறார்கள்.

இதுவரை வட்டக் குழாயைப் பற்றியே பேசினோம். வட்டத்துக்கு எல்லாத் திசையும் ஒன்றே என்பதால் அது சாது. சதுரக் குழாயை வளைத்தால் வெளிமுகம் குழிகிறது, உள்முகம் நெளிகிறது. ‘எல்’ ஆங்கிளை வளைத்தால், கிரில் பட்டறையில் கேட்டுப் பாருங்கள், அது முறுக்கிக்கொள்ளும். காரணத்தை 1921இல் தெளிவாகச் சொன்னவர் ஸ்விட்சர்லாந்தின் பாலக் கட்டுமானப் பொறியாளர் ரோபெர் மையார். கான்கிரீட் பாலங்களுக்காகப் புகழ்பெற்றவர் இந்த இரும்புச் சிக்கலை அவிழ்த்தது எனக்குப் பிடித்த தகவல். ஒவ்வொரு வெட்டுமுகத்துக்கும் ஒரு தனிப் புள்ளி உண்டு. விசை அதன் வழியாகப் போனால்தான் முறுக்காமல் வளையும். வட்டத்துக்கு அது நடுவில் இருக்கிறது. ஆங்கிளுக்கு இரு கைகளும் சேரும் மூலையில். ‘சி’ சேனலுக்கோ அதன் முதுகுக்கும் வெளியே, உலோகமே இல்லாத வெறும் காற்றில்!

முறுக்குவது தொல்லை என்றால் எதிர்த்து முறுக்கிவிட்டால் என்ன? ஜெர்மனியின் டோர்ட்மண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மத்தியாஸ் ஹெர்மெஸ், மத்தியாஸ் கிளைனர் போன்றோர் உருவாக்கிய முறையில் உருளைகள் நீண்ட துண்டைத் தள்ள, வளைக்கும் தலை அதை வளைத்துக்கொண்டே முறுக்கவும் செய்யும். முறுக்கைச் சரிசெய்வதற்காகச் சேர்த்த அந்த விசை இன்னொரு பயனையும் தந்தது. ரிச்சர்ட் ஃபான் மீசஸ் 1913இல் தந்த விதிப்படி, உலோகம் விட்டுக்கொடுப்பது அதன் மேல் வரும் எல்லாத் தகைவுகளின் கூட்டு விளைவால். முறுக்குத் தகைவு அதன் எல்லையில் நூற்றுக்கு 80 ஆக இருந்தால், வளைப்புத் தகைவு வழக்கமானதில் 60 இருந்தாலே உலோகம் இணங்கிவிடும். குறைந்த தகைவில் வளைந்தது குறைவாகவே திரும்பும். அதே ஆய்வுக்கூடத்தின் மற்றொரு முறையில், வளையும் இடத்திலேயே குழாயைச் சுற்றி உருளைகள் ஓடி அமுக்கி, விட்டத்தையும் குறைக்கின்றன. ஏற்கெனவே இணங்கிக்கொண்டிருக்கும் உலோகத்தை வளைப்பதற்குப் பெரிய விசை வேண்டாம். உயர்வலு எஃகும் அங்கே அடம்பிடிப்பதில்லை.

அடம்பிடிக்கும் உலோகத்துக்கு இன்னொரு வழி, சூடு. 2016இல் வந்த இரண்டாம் தலைமுறை ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரின் முன்தூண்கள், அதாவது முன்கண்ணாடிக்கு இருபுறமும் நிற்பவை, அப்படிச் செய்தவை. தூண் பருமனாக இருந்தால் கார் கவிழ்ந்தாலும் தாங்கும்; ஆனால் திருப்பத்தில் ஓட்டுநரின் பார்வையை மறைக்கும். மெலிதாகவும் வேண்டும், வலுவாகவும் வேண்டும். ஜப்பானின் சுமிடோமோ மெட்டல் நிறுவனம் உருவாக்கிய முறை அங்கே கைகொடுத்தது. குழாய் ஒரு மின்காந்தச் சுருளுக்குள் நுழையும். ஒரு குறுகிய பட்டை மட்டும் செஞ்சூடாகும். அதே கணத்தில் அதன் முனையைப் பிடித்திருக்கும் இயந்திரம் வளைக்கும். சூடான பட்டை மட்டுமே மெத்தென்று இருப்பதால் வளைவு அங்கே மட்டும் நடக்கும்; இருபுறமும் உள்ள குளிர்ந்த உலோகம் வட்டத்தைக் காக்கும், மாண்ட்ரல் தேவையில்லை. அடுத்த கணம் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். எஃகு குப்பென்று குளிர்ந்து மார்ட்டென்சைட் என்ற மிகக் கடினமான அமைப்புக்கு மாறும். 1500 மெகா பாஸ்கல் வலு. அந்த வலுவுள்ள எஃகைக் குளிர்ந்த நிலையில் இப்படி வளைக்க முயன்றிருந்தால் அது திரும்பித் திரும்பி வந்திருக்கும். இங்கே மென்மையாக இருக்கும்போது வடிவத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு வலுவைக் கொடுக்கிறார்கள். நான் அறிந்த வளைப்பு முறைகளில் மிக அழகானது இதுதான் என்பேன்.

இவ்வளவும் இருந்தும் டை ஒழிந்துவிடவில்லை, ஒழியவும் போவதில்லை. லட்சக்கணக்கில் ஒரே வளைவு வேண்டுமானால் டைதான் மலிவு, வேகம், நம்பகம். தள்ளி வளைக்கும் இயந்திரத்தில் குழாயின் வால் பகுதி கொஞ்சம் நேராகவே மிஞ்சிப் போகும். ஒவ்வொரு விட்டத்துக்கும் வழிகாட்டியும் வளையமும் மாற்ற வேண்டும். ஒரு ஆரத்திலிருந்து இன்னொன்றுக்கு வளையம் நகரும் நேரத்தில் குழாயும் ஓடிக்கொண்டிருப்பதால், நடுவில் கேட்காத ஒரு மாறுவளைவு வந்து உட்கார்ந்துகொள்ளும். சிறு எண்ணிக்கை, மாறிக்கொண்டே போகும் ஆரம், முப்பரிமாணத்தில் ஓடும் கோடு ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்கும் இடத்தில்தான் அச்சில்லாத வளைவுக்கு நியாயம்.

எது எந்த முறையில் பிறந்தது என்று நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பேருந்துக் கைப்பிடியிலோ ஜிம் கருவியிலோ பக்கத்துப் பக்கத்து இரண்டு வளைவுகளைப் பாருங்கள். இடையே விரலால் பிடிக்கும் அளவுக்கு நேர்த்துண்டு இருந்து, இரண்டின் ஆரமும் ஒன்றாக இருந்தால், அது பெரும்பாலும் டை செய்த வேலை. அந்த நேர்த்துண்டு கவ்விக்கு விட்ட இடம். நேர்த்துண்டே இல்லாமல் ஒரு வளைவு ஆரத்தை மாற்றிக்கொண்டே அடுத்ததற்குள் நுழைந்தால், அந்தக் குழாயைப் பெரும்பாலும் உருளைகளோ நகரும் வளையமோதான் வளைத்திருக்கும்.